முருகன் காலண்டரில் ஒரு நட்சத்திரம்

புளியமரத்தை வெட்டிச் சாய்த்தால் அதன் பச்சை வாசனை இரண்டு நாள் அந்த இடத்தை விட்டுப் போகாது. லேசான புளிப்பும் ஈர மண்ணும் கலந்த வாசனை. கச்சிராயபாளையம் சாலையில் அன்று அந்த வாசனைக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன். கையில் ஒரு நோட்டு. சாலையின் குறுக்கே கிடக்கும் மரங்களை எண்ணி, எந்த மைல்கல்லுக்கு அருகில் எத்தனை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பதினேழாவது மரத்தோடு மழை பிடித்துக்கொண்டது.

கூட வந்த தலையாரி கோவிந்தன் குடையை என் தலைக்கு மேலே பிடித்தார். அவர் முழுக்க நனைந்தார். அப்போது அது எனக்குத் தவறாகத் தோன்றவில்லை.

இந்தத் தொடரில் போன வாரம், என் தம்பி அந்த மறியலுக்குப் போய் மண்டை உடைந்து வந்ததை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகர், "தம்பியைப் பற்றி எழுதினீர்கள். அந்த வாரம் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. மரம் எண்ணினேன். பிறகு இன்னொன்றும் செய்தேன்.

வேதக்கார வீடு

எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. எம்.ஏ. வரலாறு படித்துவிட்டு வருவாய் ஆய்வாளர் வேலை. ஜனங்கள் ஆர்.ஐ. என்பார்கள். எங்கள் சாதிதான் இட ஒதுக்கீட்டில் தனிப் பங்கு கேட்டுச் சாலையில் இறங்கியிருந்தது. மரத்தை வெட்டியவர்கள் என் பெரியப்பா பிள்ளைகள். எண்ணியவன் நான்.

என் தோள்பையில் ஒரு மனுவும் இருந்தது. மலையடியில் ஒரு காலனியில் இருக்கும் வள்ளி என்ற பெண், ஆதிதிராவிடர் சாதிச் சான்றிதழ் கேட்டிருந்தாள். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இடத்துக்காக. வீட்டுக்கு நேரில் போய் விசாரித்து நான் அறிக்கை எழுத வேண்டும்.

கோவிந்தன் மனுவிலிருந்த பெயரைக் கேட்டதும் குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"அந்த லஸ்கர் பொண்ணுதா சார்? அது வேதக்கார வூடு. பேப்பர்ல ஒரு பேரு, கோயில்ல ஒரு பேரு. ஊருக்கே தெரியும். நீங்க கண்டுக்காதீங்க. புள்ள நல்லா படிக்குது."

"ஏன்யா, கண்டுக்கத்தான எனக்கு சம்பளம்."

"அது சரி. மரம் வெட்டுனவன் பேரு எழுதச் சொன்னா எழுதுவீங்களா?"

அவர் பல் தெரியச் சிரித்துவிட்டு மழையைப் பார்த்தார்.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். ஆதிதிராவிடர் ஒருவர் கிறிஸ்தவராகிவிட்டால் அரசாங்கக் காகிதத்தில் அவர் பிற்படுத்தப்பட்டவர். அதே காலனி, அதே கரும்பு வெட்டும் கூலி, தேநீர்க் கடையில் அதே தனி டம்ளர். காகிதத்தில் மட்டும் அவர் வேறு ஆள். அதனால் பல குடும்பங்கள் இரண்டு பெயரோடு வாழ்ந்தன. அது எனக்கும் தெரியும். எல்லா ஆர்.ஐ.க்கும் தெரியும். அந்த வீட்டு வாசலில் கால் வைப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்திருந்தது என்பதை இந்த இடத்திலேயே எழுதிவிடுகிறேன். இனி வரப்போகும் எல்லாமே அதைப் பொறுத்தது.

காலில் ஒட்டிய தாள்

வள்ளியின் அப்பா கோமுகி அணையில் மதகு திறந்து மூடும் லஸ்கராக இருந்து இறந்துபோனவர். பாதி ஓடு, பாதி கூரை போட்ட வீடு. நாங்கள் குனிந்து நுழைந்தபோது வள்ளி ஒரு முறத்தை அவசரமாகக் கவிழ்த்து எதையோ மூடினாள். பத்தொன்பது, இருபது வயது இருக்கும். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய தலை.

"அம்மா நடவுக்குப் போயிருக்குது சார். வந்துடும். ஒக்காருங்க."

பாயில் உட்காரக் காலை எடுத்து வைத்தேன். ஈரக் குதிகாலில் ஒரு தாள்பட்டை ஒட்டிக்கொண்டு வந்தது. விரல் அகலம், முழ நீளம், வழுவழுப்பான தாள். ஒரு பக்கம் வெள்ளை. மறு பக்கம் மயில் கழுத்தின் நீலம்.

"இது இன்னா?"

"ஸ்கூல் கைவேல சார்."

"நீதான் பன்னண்டாவது முடிச்சிட்டியே."

கோவிந்தன் வாயைத் துண்டால் மூடிக்கொண்டு சிரித்தார். "மாட்டிக்கினியா" என்றார். பிறகு, சாலையில் பஸ் ஏதாவது வருகிறதா என்று பார்த்து வருவதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். வேண்டுமென்றேதான் போனார் என்று இப்போது தோன்றுகிறது. அவர் எதிரில் நான் கண்டுகொள்ளாமல் விட்டால் எனக்குக் கௌரவக் குறைச்சல். தனியாக இருந்தால் விட்டுவிடுவேன் என்று நம்பியிருப்பார்.

வள்ளி முறத்தை எடுத்தாள். அடியில் முப்பது, நாற்பது நட்சத்திரங்கள். எலுமிச்சம்பழ அளவுதான். ஒவ்வொன்றும் தட்டையாக எட்டு முனையோடு விரிந்து, நடுவில் இரண்டு பக்கமும் கூம்பு கூம்பாக எழும்பி நின்றது. பசை இல்லை, நூல் இல்லை. உரக்கடையில் கொடுத்த முருகன் காலண்டரைப் பட்டை பட்டையாக நறுக்கிப் பின்னியவை. ஒரு நட்சத்திரத்தில் வேலின் நுனி தெரிந்தது. இன்னொன்றில் வள்ளி தெய்வானையில் யாரோ ஒருத்தியின் வளையல் கை.

"யார் சொல்லிக் குடுத்தா?"

"ஹாஸ்டல் சிஸ்டர் சார். வெளிய தொங்கவுட முடியாது இல்ல, அதான் சின்னதா செய்யறது. உள்ள, உத்தரத்துல கட்டிக்குவோம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குப் புரிந்தது. முகம் சுருங்கிப்போனது.

நான், "எனக்குச் சொல்லிக் குடு" என்றேன்.

ஏன் கேட்டேன்? கூரையிலிருந்து மழை ஒரே சீராகக் கொட்டிக்கொண்டிருந்தது. பஸ் இல்லை. அலுவலகத்தில் என்னை எல்லோரும் ஓர் அளவுகோலோடுதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் சாதிக்காரர்களுக்கு நான் மரம் எண்ணுகிற துரோகி. மற்றவர்களுக்கு நான் மரம் வெட்டுகிற கூட்டத்து ஆள். அந்த வாரம் யாரோடும் சேர்ந்து ஒரு வேலையும் செய்யவில்லை. பொறி வைக்க வேண்டும் என்று கேட்கவில்லை. அது மட்டும் உண்மை.

பதினாறு முனை

நான்கு பட்டைகள் வேண்டும். ஒவ்வொன்றையும் இரண்டாக மடித்து நுனியைச் சாய்வாக நறுக்கிக்கொள்ள வேண்டும். பிறகு ஒன்றின் மடிப்புக்குள் இன்னொன்றை நுழைத்து நான்கையும் கூடை முடைவதுபோல் பூட்ட வேண்டும். மெல்ல இழுத்தால் நடுவில் ஒரு சின்னச் சதுரம் விழும்.

"எது மேல, எது கீழ?" என்று கேட்டேன்.

"அப்டி கேக்காதீங்க சார். சுத்தி வந்தா எல்லாப் பட்டையும் ஒரு தபா மேல போவும், ஒரு தபா கீழ போவும்."

என் விரல்கள் தடித்தவை. பட்டை கசங்கியது. இரண்டு முறை பிரிந்து மடியில் விழுந்தது.

"சார் கை ரிப்போர்ட்டு எழுதுற கை. அழுத்துது. அழுத்தாதீங்க, ஒக்காரவுடுங்க."

முதல் எட்டு முனைகள் மடிப்பால் வருபவை. வலப்பக்கம் மடித்து, கீழே மடித்து, முக்கோணமாக்கி, நுனியைச் சதுரத்தின் அடியில் செருக வேண்டும். அடுத்த எட்டும்தான் கடினம். அங்கே மடிக்கவே கூடாது. பட்டையைச் சுருட்டி, சுருள் உடையாமல் சதுரத்துக்குள் விட்டு இழுக்க வேண்டும். நுனி எந்தப் பக்கம் வெளியே வரும் என்று கண்ணுக்குத் தெரியாது. விரல்தான் கண்டுபிடிக்க வேண்டும். சரியாகப் போனால் 'சர்' என்று ஒரு மெல்லிய சத்தம். தாளுக்குள் தாள் போகும் சத்தம்.

முதல் கூம்பு எழுந்தபோது நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

அந்த நேரத்தில் அவள் அம்மா உள்ளே வந்தார். தலையில் உரச்சாக்குக் கொங்காணி. முழங்கால் வரை சேறு. பாயில் ஆர்.ஐ. சம்மணம் போட்டு உட்கார்ந்து நட்சத்திரம் செய்வதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாடி இது, சாரப் போயி வேல வாங்கிக்கினு இருக்க."

"அவுருதாம்மா கேட்டாரு. பதினாறுல ஒம்போது முடிச்சிட்டாரு."

அம்மா சேற்றுக் காலோடு அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து என் கையிலிருந்ததைப் பார்த்தார். "கோணலா இருந்தாலும் நிக்குது" என்றார். அவர் முகத்தில் இருந்த பயம் மெல்ல வடிந்ததை நான் பார்த்தேன். பிறகு வெல்லம் போட்ட கறுப்புக் காப்பி வந்தது. காலனி வீட்டில் நான் வாய் வைத்துக் குடித்தது அதுதான் முதல் தடவை. குடித்ததைப் பெரிய காரியமாக நினைத்துக்கொண்டேன்.

இரண்டு பெயர்

"சார், ஒங்க கிட்ட மறைக்க மனசு வரல" என்று அம்மா ஆரம்பித்தார்.

"அம்மா, வேணாம்மா" என்றாள் வள்ளி.

"நீ சும்மா இரு. சார் நம்ம வூட்டுப் புள்ள மாரி ஒக்காந்துக்கினு இருக்காரு. சார், பேப்பர்ல நான் அஞ்சல, இது வள்ளி. ஞானஸ்நானத்துல நான் ஆரோக்கியம், இது ரோஸ்லின். ரெண்டும் நாங்கதான். அஞ்சலன்னு கூப்ட்டாத்தான் திரும்பிப் பாப்பேன். ஆரோக்கியம்னு சாமியாரு ஒருத்தருதான் கூப்புடுவாரு. இந்தப் பொண்ணு டீச்சர் ஆயிட்டா நான் சேத்துல எறங்க மாட்டேன் சார். அவ்ளோதான் எனக்கு வேண்டியது."

நான் சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "பாத்துக்கறேம்மா. கவலப்படாதீங்க."

அலுவலகத்தில் ஒரு நாளைக்கு இருபது பேரிடம் சொல்கிற வார்த்தைதான். ஆனால் அன்று அதை நம்பித்தான் சொன்னேன்.

மழை விட்டதும் கிளம்பினேன். நான் செய்த நட்சத்திரத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். "ரொம்ப கோணல் சார், நல்லதா ஒன்னு தரேன்" என்றாள் வள்ளி. வேண்டாம், இதுவே போதும் என்றேன்.

கோப்பில் கட்டியது

மறுநாள் தம்பியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். தலையில் கட்டு. உதடு வீங்கியிருந்தது. வெளியே இரண்டு போலீஸ்காரர்கள்.

"வாண்ணா" என்றான். "எத்தன மரம் எண்ணுன? நாங்க வெட்டறோம், நீ எண்ணு. நல்ல வேல ஒனக்கு."

நான் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக் கொடுத்தேன். அவன் வாங்கவில்லை.

"அதே டீச்சர் டிரெயினிங்குக்கு ரெண்டு வருசமா போட்டுக்கினு இருக்கேன். எனக்கு எடம் இல்ல. எவன் எவனோ போறான். ஆபீஸ்ல ஒக்காந்துக்கினு நீதான் எல்லாத்துக்கும் கையெழுத்து போடற."

அவன் சொன்னதைச் சாக்காகக் காட்டவில்லை. நான் படித்தவன். ஒரு பெண்ணின் இடத்தைப் பறித்தால் அது என் தம்பிக்கு வந்து சேராது என்று தெரியும். அது வேறு வரிசை, இது வேறு வரிசை. அப்படியும் அலுவலகத்துக்குத் திரும்பி, அந்த மனுவை எடுத்து வைத்துக்கொண்டு எழுதினேன்.

"மனுதாரரின் வீட்டில் கிறிஸ்துமஸ் பண்டிகைக்கான காகித நட்சத்திரங்கள் தயாரிக்கப்பட்டு வருவது நேரில் கண்டறியப்பட்டது. அவற்றில் ஒன்று கைப்பற்றப்பட்டு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது."

யாரும் ஆதாரம் கேட்கவில்லை. என் அறிக்கை போதும். ஆனால் எழுதி முடித்ததும் அது வெறும் வார்த்தையாக இருப்பதுபோல் எனக்குத் தோன்றியது. சட்டைப் பையிலிருந்து எடுத்து, கோப்புத் துளைக்கும் ஊசியால் நடுச் சதுரத்தில் குத்தி, பச்சை டேக் கோத்து முடிச்சுப் போட்டேன். ஒன்பது முனைகள் என் விரலால் வந்தவை. மீதி ஏழும் அப்படித்தான். அந்த வீட்டில் இருந்த நாற்பதில் அது ஒன்று இல்லை. கைப்பற்றப்பட்டது என்பது பொய்.

ஒரு தயவும் செய்தேன். அம்மா சொன்ன இரண்டு பெயர் விஷயத்தை எழுதவில்லை. நம்பிச் சொன்னதை எழுதக் கூடாது என்று எனக்கு ஒரு நேர்மை. அந்த நேர்மையை நினைத்து அன்று கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன்.

மேலதிகாரி கோப்பைப் பிரித்து, "இது இன்னாய்யா, வெளையாட்டுச் சாமான்" என்றார். முருகனின் மயில் அவர் கண்ணில் படவில்லை. கையெழுத்துப் போட்டார். வள்ளிக்குப் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் போயிற்று. அந்த வரிசைக்கு அவள் மதிப்பெண் கொஞ்சம் பற்றவில்லை.

என் தம்பிக்கும் இடம் கிடைக்கவில்லை.

டோக்கன் வரும் வரை

கை ஒருமுறை கற்றதை மறப்பதில்லை. கள்ளக்குறிச்சியில் எந்த மருத்துவரிடம் போனாலும் டோக்கன் வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். மருந்துக்கடை விளம்பரத் தாளைக் கிழித்துப் பட்டையாக்கி விரல் தானாக மடிக்கத் தொடங்கிவிடும். பாதியில் கவனித்து நிறுத்திவிடுவேன்.

என் மனைவி ஒருமுறை சாப்பாட்டு மேசையில் ஒன்றைக் கண்டெடுத்து, "அட, எங்க கத்துக்கினீங்க?" என்று கேட்டாள். டிரெயினிங்கில் சொல்லிக் கொடுத்தார்கள் என்றேன். அவள் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அவள் இறக்கும் வரை உண்மையைச் சொல்லவில்லை. இப்போது வீட்டில் நான் மட்டும். மகன் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். சாப்பிட்டீங்களா என்பான், சாப்பிட்டேன் என்பேன். மீதி நேரமெல்லாம் இப்படி எழுதுவதற்குத்தான் இருக்கிறது.

வெள்ளிமலை

ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்தபோது மலைக்கு மாற்றினார்கள். ஒரு நாள் வந்த மனுக்கட்டில் முதியோர் உதவித்தொகைக்கு ஒரு மனு. பெயர் அஞ்சலை. கணவர், காலஞ்சென்ற அணைக்கட்டு லஸ்கர். என் கீழே இருப்பவர்களை அனுப்பியிருக்கலாம். நானே போனேன்.

சாலையோரம் சாமை காயப் போட்டிருந்தார்கள். ஜீப் அதை மிதிக்காமல் ஓரமாகப் போனது. ஒரு பள்ளி விடுதியின் சமையற்கட்டுக்குப் பின்னால் ஓர் அறை. வள்ளி அங்கே சமையல்காரர். கஞ்சி வடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். முழங்கை வரை பழைய சூட்டுத் தழும்புகள்.

"வாங்க சார். தலமுடியெல்லாம் போயிடுச்சே."

"என்னத் தெரியுதா?"

"ஒங்கள எப்டி சார் மறப்பேன்."

கோபமாகச் சொல்லவில்லை. பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மார்கழிப் பனி. கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு ஒரு வாரம்கூட இல்லை. என்ன பேசுவது என்று தெரியாமல், "இப்பல்லாம் நட்சத்திரம் செய்யறது உண்டா?" என்று கேட்டுவிட்டேன்.

"அம்மா இருக்கற வூட்ல காயிதம் மடிக்கக் கூடாது சார். பசங்களுக்குப் பொட்டலம் கட்டறதுகூட வெளிய வச்சித்தான்."

ஆதிதிராவிடர் சான்றிதழை மறுத்து அன்று போன ஆணையை அம்மாவுக்கு யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள். நட்சத்திரங்கள் இருந்த காரணத்தால் என்று அதில் வருகிறது. அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரே பேச்சு: நீதான் காட்டினாய், நீதான் சொல்லிக் கொடுத்தாய். கல்யாணப் பேச்சு வந்த இடத்திலும் அதைச் சொன்னார். மாமன், சித்தி எல்லோரிடமும் சொன்னார். தன் வாழ்க்கையைத் தானே மடித்துப் போட்டவள் என்று சொந்தக்காரர்களிடையே வள்ளிக்குப் பெயர்.

"நான் இன்னா நெனச்சேன்னா சார், அம்மா வாய வுட்டதாலதான் போச்சுன்னு. ரெண்டு பேரையும் அதுதான ஒங்க கிட்ட சொல்லிச்சி. ஆனா நான் சொல்லல. அது மேல தப்புன்னு தெரிஞ்சா அது தாங்காது. என் மேலயே இருக்கட்டும்னு வுட்டுட்டேன்."

"என் மேல கோவம் இல்லியா?"

"நீங்க ஆபீசரு. எழுதத்தான வந்தீங்க."

சமையற்கட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அவர்கள் இரண்டு பேரும் எதையும் கெடுக்கவில்லை, தலையாரி சொல்லி வீட்டுக்குள் வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும் என்றேன். கோப்பில் கட்டிய நட்சத்திரம் அவர் செய்ததில்லை, நான் செய்தது என்றும் சொன்னேன்.

அடுப்பில் விறகு நகர்ந்து விழுந்தது. பிறகு, "வாங்க" என்று என்னை உள்ளே அழைத்துப் போனார்.

அம்மா கட்டிலில் சுருண்டு படுத்திருந்தார். நான் குனிந்து, அதே வார்த்தைகளை மறுபடி சொன்னேன். அவர் கண்ணை இடுக்கிக் கேட்டார்.

"பெரிய மனசு சார் ஒங்களுக்கு" என்றார். "அவ மேல இருக்கற பழிய ஒங்க மேல போட்டுக்கறீங்க. வேணாம் சார். அன்னிக்கே நீங்க நல்லவருன்னு எனக்குத் தெரியும்."

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெளியே வந்ததும் வள்ளி சொன்னார். "வாய்ப் பேச்ச அது நம்பாது சார். காயிதத்துல போனது காயிதத்துலதான் திரும்பி வரணும்ங்கும். எனக்குச் சொன்னதையே எழுதிக் குடுங்க. நான் படிச்சிக் காட்டறேன்."

"ஊருக்குப் போயி எழுதி அனுப்பறேன்" என்றேன்.

உதவித்தொகை மனுவில் மட்டும் அன்றே கையெழுத்துப் போட்டேன். மற்றதை எழுதவில்லை. கோப்பில் பொய்ச் சாட்சி வைத்தேன் என்று நானே எழுதிக் கொடுத்த தாள் யார் கையிலாவது போனால், ஓய்வு பெறும் நேரத்தில் என்ன ஆகும் என்று பயந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை. தினமும் எழுதுவதற்கு உட்காருவேன். நாளைக்கு என்று எழுந்துவிடுவேன்.

தேதி

ஓய்வு பெற்று, வர வேண்டிய பணமெல்லாம் பத்திரமாகக் கைக்கு வந்த பிறகு எழுதினேன். ஒன்றரைப் பக்கம். எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மலை வளைவுகளில் எனக்குத் தலை சுற்றும். அன்று சுற்றவில்லை.

வள்ளி பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அருகில் நின்றிருந்தார். நான் கேட்பதற்கு முன்பே சொன்னார்.

"அம்மா ஆடி மாசமே போயிடுச்சி சார்."

அவர் கையை நீட்டினார். தாளைக் கொடுத்தேன். நின்றபடியே, உதடு அசைய, ஒரு வரி விடாமல் படித்தார். இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"தேதி போடல சார்."

மறந்திருந்தேன். முப்பது வருடத்துக்கு மேல் தேதி போட்டே பிழைத்தவன். பேனாவை எடுத்து, தொட்டிச் சுவரின் காய்ந்த இடத்தில் தாளை வைத்தேன்.

"இன்னிக்கித் தேதி வேணாம். நான் கேட்டன் பாருங்க, அன்னிக்கித் தேதிய போடுங்க."

நிமிர்ந்து பார்த்தேன்.

"வருசப் பூசைக்கி மாமன், சித்தி எல்லாம் வரும். அம்மா இதக் கேட்டுட்டுத்தான் கண்ண மூடிச்சின்னு நான் சொல்லணும். தேதி பின்னால இருந்தா எப்டி கேட்டுச்சின்னு அதுங்க கேக்கும்."

என் பணிக்காலத்தில் எத்தனையோ முன்தேதி போட்டிருக்கிறேன். சிபாரிசோடு வந்தவர்களுக்கு, மேலிருந்து போன் வந்தவர்களுக்கு.

"அது என்ன தேதின்னு எனக்கு ஞாபகம் இல்லியே" என்றேன்.

அவருக்கு இருந்தது. தேதியைச் சொன்னார். செவ்வாய்க்கிழமை என்றார். நான் போன பிறகு அம்மா ரெண்டு இட்லி சாப்பிட்டது, சார் எழுதி அனுப்பறேன்னு போனாரே காயிதம் எப்ப வரும்னு கேட்டது என்றார்.

அவர் சொன்ன தேதியை எழுதினேன். கையெழுத்துப் போட்டேன்.

அவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "கீழ பேர எழுதுங்க சார். வெறும் கையெழுத்து யாருக்கும் புரியாது."

எழுத்துகளைப் பிரித்துப் பிரித்து, யாரும் படிக்கும்படியாக, என் பெயரை முழுதாக எழுதிக் கொடுத்தேன்.